நிலை வரம்புள்ள கணத்தாக்குக் கட்டுப்பாட்டுக் கணக்கில் தேவையான நிபந்தனைகளை எழுதுவது எப்படி?

கணத்தாக்கு என்பது தொகுதியின் நிலையை ஒரே கணத்தில்கூடத் தாவவைக்கக்கூடிய தள்ளல். தேவையான நிபந்தனைகள் என்பவை, செலவு மிகக் குறைந்த (உகந்த) விடை எதுவும் கட்டாயம் பூர்த்தி செய்ய வேண்டியவை. இந்தக் கணக்கோடு நான் நான்கு மாதம் மல்லுக்கட்டினேன். அதில் முக்கால்வாசி, வரிசை தெரியாமல் வேலை செய்ததால் போனது. தாவல் என்றால் என்ன என்று முடிவு செய்யாமலே சேர்ப்புச் சமன்பாட்டை எழுதினேன், அப்புறம் நிலை வரம்பைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டினேன், எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நம்பிய நாளில், நான் எழுதிய நிபந்தனைகளை எந்த விடையைப் போட்டாலும் பூர்த்தி செய்யலாம் என்று தெரிந்தது. அதாவது, அந்த நிபந்தனைகள் எதையுமே சொல்லவில்லை. பொந்த்ரியாகின் பெருமக் கொள்கை (சாதாரணக் கட்டுப்பாட்டுக் கணக்குக்கு இத்தகைய நிபந்தனைகளைத் தரும் தேற்றம்) ஓரளவு தெரிந்திருந்து, கணத்தாக்கும் நிலை வரம்பும் சேர்ந்து வரும் கணக்கை முதல்முறை தொடப் போகிறீர்கள் என்றால், இந்த வரிசையிலேயே போங்கள்.

பெயர்களை முதலில் பேசிக்கொள்வோம். தொகுதியின் நிலை இரண்டு வழியில் மாறுகிறது: ஒன்று, நேரம் ஓட ஓடத் தானாக நடக்கும் இயல்பான நகர்வு. இன்னொன்று, நாம் கொடுக்கும் கணத்தாக்கு. கணத்தாக்கை ஒரு அளவையாக, அதாவது எந்த நேர இடைவெளியில் எவ்வளவு எடை சேர்கிறது என்று சொல்வதாக, எடுத்துக்கொள்கிறோம், பெயர் மியூ. அது ஒரே கணத்தில் திரண்ட எடையாக வரலாம், அப்போது நிலை தாவும். சீராகப் பரவியும் வரலாம், அப்போது தாவல் இருக்காது. நிலை வரம்பு என்பது ஒவ்வொரு கணத்திலும் மீறக்கூடாத கோடு. செலவுக்கான பெருக்கி லாம்டா, சேர்ப்பு மாறி (நிலையின் ஒவ்வொரு கணத்து விலை போன்றது) சை, நிலை வரம்புக்கான பெருக்கி ஈட்டா. ஈட்டாவும் எண் இல்லை, அளவைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்து, கீழே உள்ளவற்றுக்குப் பதில் எழுதி வையுங்கள். அரை நாள் வேலை. இதைத் தவிர்த்ததால்தான் எனக்கு வாரக்கணக்கில் போனது.

- கணத்தாக்கின் கெழு (அதன் எடையை நிலை மாற்றமாக்கும் பெருக்குக் காரணி) நிலையைச் சார்ந்ததா, நேரத்தை மட்டும் சார்ந்ததா? நேரத்தை மட்டும் என்றால் பாதித் தலைவலி இல்லை.
- மியூ ஒரு கூறு கொண்டதா, பல கூறுகள் கொண்டதா? எதிர்க்குறி வரலாமா, கூடாதா?
- வரம்பைத் தரும் சார்புக்குத் தொடர்ச்சியான வகைக்கெழு உண்டா? எல்லைக்கோட்டின் மேல் அதன் சரிவு எங்காவது பூஜ்யமாகிறதா?
- தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி எவை நிலையானவை, எவை கட்டற்றவை? அவற்றில் ஏதாவது எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா? (இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள், 6-ஆம் படியில் தேவைப்படும்.)
- மொத்தக் கணத்தாக்கின் எடைக்கு மேல்வரம்பு இருக்கிறதா, அல்லது அது செலவில் சேர்கிறதா? இரண்டும் இல்லையென்றால் உகந்த தீர்வு இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது, அப்போது தேவையான நிபந்தனைகளை எழுதி என்ன பயன்?

2. தாவல் என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

கணத்தாக்கின் கெழு நிலையைச் சார்ந்திருந்தால் இந்த இடத்தில் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிறார்கள். கெழு நிலைக்கே சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலை இப்போது 1, எடை 1 கொண்ட கணத்தாக்கு வருகிறது. தாவலுக்கு முந்தைய நிலையை எடையால் பெருக்கிக் கூட்டினால் விடை 2. ஆனால் அதே கணத்தாக்கை மிகக் குறுகிய நேரத்தில் சீராகக் கொடுத்து, அந்த நேரத்தைப் பூஜ்யத்தை நோக்கிச் சுருக்கினால் விடை 2.718. உங்கள் கணக்கில் கணத்தாக்கு என்பது ‘மிக வேகமான சாதாரணக் கட்டுப்பாட்டின்’ எல்லை என்றால் இரண்டாவது விடைதான் சரி. தாவலுக்குள்ளே நிலை ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டின்படி நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மியூவுக்குப் பல கூறுகள் இருந்தால் இன்னும் ஒரு பொறி. நிலை இரண்டு எண்கள் கொண்டது, இரண்டும் பூஜ்யத்தில் இருக்கின்றன. முதல் கணத்தாக்கு முதல் எண்ணை நேரடியாகக் கூட்டும், இரண்டாவது கணத்தாக்கு இரண்டாம் எண்ணை முதல் எண்ணின் அளவுக்குக் கூட்டும். ஒரே கணத்தில் இரண்டுக்கும் எடை 1 கொடுங்கள். முதலாவதை முன்னால் செலுத்தினால் இரண்டாம் எண் 1-இல் முடிகிறது, இரண்டாவதை முன்னால் செலுத்தினால் பூஜ்யத்திலேயே நிற்கிறது, இரண்டையும் சேர்த்து ஒரே சீராகச் செலுத்தினால் 0.5. ஒரே அளவைக்கு மூன்று விடைகள்! காரணம், அந்த இரண்டு வெக்டர் புலங்களின் (ஒவ்வொரு நிலையிலும் நகர்வின் திசையைச் சொல்பவை) லீ பிராக்கெட், அதாவது வரிசையை மாற்றினால் வரும் வேறுபாட்டை அளக்கும் கோவை, பூஜ்யம் இல்லை. எல்லா ஜோடிகளின் லீ பிராக்கெட்டையும் இந்தப் படியிலேயே கணக்கிட்டுவிடுங்கள். எல்லாம் பூஜ்யமானால் நிம்மதி, வரிசை பொருட்டில்லை. இல்லாவிட்டால், ஒவ்வொரு தாவலுக்கும் உள்ளே எந்தப் பாதையில் போனோம் என்பதும் உங்கள் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி, அதையும் சேர்த்தே உகந்ததைத் தேட வேண்டும்.

இப்போது நிலை வரம்பு. தாவலுக்கு முன்னும் பின்னும் வரம்பு பூர்த்தியானால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சமதளத்தில் கணத்தாக்கு நிலையை ஆதியைச் சுற்றிச் சுழற்றுகிறது, இரண்டாம் ஆயம் 0.5-ஐத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. வலப்பக்கம் 1 என்ற இடத்திலிருந்து அரைச் சுற்றுத் தாவினால் இடப்பக்கம் −1-இல் போய் நிற்போம். இரண்டு முனைகளிலும் இரண்டாம் ஆயம் பூஜ்யம், வரம்பு அழகாகப் பூர்த்தியாகிறது. நடுவழியில் அது 1 வரை ஏறி இறங்கியிருக்கிறது. தாவலை வேகமான சாதாரண நகர்வு என்று எடுத்தவர்களுக்கு இது மீறல்தான். வரம்பு தாவலுக்குள்ளும் செல்லுமா என்பதைத் தாளில் எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள்.

3. நேரத்தை நீட்டுங்கள்

எனக்குக் கதவு திறந்தது இந்தப் படியில்தான். நேரத்தை ஓடும் மாறியாக வைக்காமல், புதிய ஓட்டமாறி ஒன்றை எடுங்கள். கடிகார நேரம் இப்போது நிலையின் இன்னொரு கூறு ஆகிறது, அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது ஒரு புதிய கட்டுப்பாடு, குறையாத எண். சாதாரண இடங்களில் கடிகாரம் ஓடும். தாவலின்போது கடிகாரம் நிற்கும், புதிய ஓட்டமாறி மட்டும் நகரும், நிலை தாவல் பாதையில் மெல்ல நடந்து மறுமுனைக்குப் போகும். கணத்தாக்குகள் எல்லாம் வரம்புள்ள சாதாரணக் கட்டுப்பாடுகளாக விரிந்துவிடுகின்றன, நிலை வரம்பு ஓட்டமாறியின் ஒவ்வொரு மதிப்புக்கும் பொருந்துவதால் தாவலின் உள்வழியும் தானாக அடங்கிவிடுகிறது.

இதற்கு ஆகும் விலை: ஒரு கூடுதல் நிலை, ஒரு கூடுதல் கட்டுப்பாடு, கடிகாரத்துக்கு ஒரு கூடுதல் சேர்ப்பு மாறி. அவ்வளவுதான். பதிலுக்கு, நிலை வரம்புள்ள சாதாரணக் கணக்கின் பெருமக் கொள்கையை அப்படியே பயன்படுத்தலாம். ஒரு நாளில் முடியும். இந்தப் படியைத் தாண்டி, நேரடியாக அளவைகளோடு நிரூபிக்கிறேன் என்று இறங்கிய என் முதல் இரண்டு முயற்சிகளும் குப்பைக்குப் போயின.

4. நிபந்தனைகளைப் பழைய நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள்

நீட்டிய கணக்கில் கிடைத்தவற்றைத் திரும்பக் கடிகார நேரத்துக்குக் கொண்டுவந்தால் உங்களிடம் இவை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போய்த் தேடுங்கள்.

முதலாவது, லாம்டா, சை, ஈட்டா மூன்றும் சேர்ந்து பூஜ்யமாகக்கூடாது, லாம்டாவும் ஈட்டாவும் எதிர்க்குறி ஆகக்கூடாது. இரண்டாவது, சேர்ப்புச் சமன்பாடு: சை வழக்கம்போல் மாறுவதோடு, ஈட்டாவுக்கு எடை இருக்கும் இடங்களில் வரம்பின் சரிவுத் திசையில் தள்ளப்படும். அதனால் சை தொடர்ச்சியாக இருக்காது, வரம்புள்ள மாறுபாடு கொண்ட (மொத்த ஏற்ற இறக்கம் முடிவிலி ஆகாத) சார்பாகத்தான் இருக்கும். மூன்றாவது, சாதாரணக் கட்டுப்பாடு இருந்தால் அது கிட்டத்தட்ட எல்லா நேரத்திலும் ஹாமில்டனியனை (சையை நிலை மாறும் வீதத்தால் பெருக்கி, லாம்டாவால் பெருக்கிய செலவு வீதத்தைக் கழித்தது) பெருமமாக்க வேண்டும். நான்காவது, கணத்தாக்குக்கான நிபந்தனை: சையோடு கணத்தாக்கின் கெழுவைப் பெருக்கி, அதிலிருந்து லாம்டாவால் பெருக்கிய கணத்தாக்கின் செலவைக் கழித்தால் கிடைப்பது (மியூ எதிர்க்குறி ஆகாதபோது) எங்கேயும் பூஜ்யத்தைத் தாண்டக்கூடாது, மியூ படிந்திருக்கும் இடங்களில் சரியாகப் பூஜ்யமாக வேண்டும். தாவலுக்குள்ளே முழு நீளத்துக்கும் இது பொருந்த வேண்டும், முனைகளில் மட்டும் சரிபார்த்தால் போதாது. ஐந்தாவது, ஈட்டா எல்லைக்கோட்டைத் தொடும் இடங்களில் மட்டுமே எடை வைத்திருக்கலாம், தாவலின் நடுவே பாதை எல்லையைத் தொட்டால் அங்கேயும் எடை வரலாம். ஆறாவது, முனை நிபந்தனைகள், அதாவது தொடக்க, முடிவுப் புள்ளிகளில் சை எப்படி இருக்க வேண்டும் என்பவை.

இதோடு, கடிகாரத்தின் சேர்ப்பு மாறியிலிருந்து இலவசமாக ஒரு சோதனை கிடைக்கும். கணக்கின் எந்தப் பகுதியும் நேரத்தை வெளிப்படையாகச் சார்ந்திராவிட்டால், இடைப்பட்ட நேரம் முழுவதும், தாவல்களுக்கு முன்னும் பின்னும்கூட, ஹாமில்டனியன் ஒரே மதிப்பில் நிற்க வேண்டும். என் பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை. நிலை வரம்புக்கு இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. துபோவித்ஸ்கி–மில்யூத்தின் வடிவத்தில் சை தாவும். கம்க்ரெலிட்ஸே வடிவத்தில் ஈட்டாவின் திரண்ட எடையைச் சையோடு சேர்த்து, தொடர்ச்சியான வேறொரு மாறியை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரியானவை. ஆனால் ஒன்றின் சமன்பாட்டையும் இன்னொன்றின் முனை நிபந்தனையையும் கலந்தால் விடை நாசம். எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

5. ஒரு சின்னக் கணக்கைக் கையால் முடித்துப் பாருங்கள்

உங்கள் பெரிய கணக்குக்குப் போகும் முன் இதை ஒரு மாலையில் செய்துவிடுங்கள். ஒரு மட்டம் 1-இல் தொடங்குகிறது, ஒவ்வொரு கணமும் தன் அளவுக்கே சமமான வீதத்தில் குறைகிறது. நாம் மேலே ஊற்றலாம், சீராகவோ மொத்தமாகவோ. மட்டம் 0.5-க்குக் கீழே எப்போதும் போகக்கூடாது. மொத்த நேரம் 1.386, அதாவது 2-இன் இயல் மடக்கையின் இரு மடங்கு. ஊற்றும் மொத்த அளவு மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

முதலில் யோசிக்காமல் சில வழிகளைப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்திலேயே மொத்தமாக ஊற்றினால் 1 ஆகிறது. மட்டம் 0.5-ஐத் தொடும் நேரம், அதாவது 0.693 வரை காத்திருந்து ஒரே தடவை ஊற்றினால் 0.5 போதும். அதையே இரண்டு தவணையாகப் பிரித்தால் 0.414, நான்காகப் பிரித்தால் 0.378. இது எங்கே போகிறது என்று தெரிகிறதல்லவா? எல்லையைத் தொட்டதும், குறையும் வீதத்துக்குச் சமமாக 0.5 என்ற வீதத்தில் சீராக ஊற்றிக்கொண்டே எல்லைக்கோட்டின் மேல் நடந்தால் மொத்தம் 0.347. கணத்தாக்குக் கணக்கு என்றதும் தாவலைத் தேடுவோம், இங்கே உகந்த தீர்வில் தாவலே இல்லை.

இப்போது நிபந்தனைகள். லாம்டாவை 1 என்று வைக்கலாம். ஊற்றும் நேரம் முழுவதும் சை 1 ஆக இருக்க வேண்டும், மற்ற நேரங்களில் 1-ஐத் தாண்டக்கூடாது. 0.693-க்கு முன்னால் எல்லையைத் தொடவில்லை, ஈட்டா பூஜ்யம், எனவே சை தன் அளவுக்கே சமமான வீதத்தில் வளர்கிறது: 0.5-இல் தொடங்கி 0.693-இல் சரியாக 1-ஐத் தொடுகிறது. அதற்குப் பின் சை 1-லேயே நிற்க வேண்டுமானால் ஈட்டாவின் அடர்த்தி 1 ஆக இருக்க வேண்டும். கடைசி நொடியில்தான் சிக்கல்: முடிவுப் புள்ளி கட்டற்றது, ஆகவே சை பூஜ்யத்தில் முடிய வேண்டும், ஆனால் அதற்கு ஒரு கணம் முன்புவரை அது 1. நான் இங்கே இரண்டு நாள் நின்றேன். விடை எளிது. முடிவு நேரத்தில் மட்டம் எல்லைக்கோட்டின் மேல்தான் இருக்கிறது, ஆகவே ஈட்டாவுக்கு அந்த ஒரே புள்ளியில் எடை 1 இருக்கலாம், அது சையை 1-இலிருந்து பூஜ்யத்துக்கு இறக்குகிறது. முனைப் புள்ளிகளில் ஈட்டா எடை வைக்கலாம் என்பதை மறந்தால், சை எங்கும் பூஜ்யம் என்ற அபத்தத்தில் போய் முடிவீர்கள்.

சோதனைகள்: ஹாமில்டனியன் முன்பாதியில் −0.5, பின்பாதியிலும் −0.5. ஈட்டாவின் மொத்த எடை 0.693-உம் 1-உம் சேர்ந்து 1.693. வரம்பை 0.5-இலிருந்து சற்றே உயர்த்தினால் செலவு எந்த வீதத்தில் ஏறும் என்று தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள், அதே 1.693 வரும். தொடக்க மட்டத்தைச் சற்றே உயர்த்தினால் செலவு 0.5 என்ற வீதத்தில் குறையும், அதுவும் சையின் தொடக்க மதிப்பேதான். பெருக்கிகள் விலைகள் என்பதை நான் பல தடவை படித்திருந்தேன், இந்த இரண்டு எண்களும் பொருந்திய அன்றைக்குத்தான் நம்பினேன்.

சரி, ஒரே ஒரு மாற்றம்: முடிவில் மட்டம் குறைந்தது 1 ஆக இருக்க வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். இப்போது கடைசிக் கணத்தில் 0.5 எடையோடு ஒரு தாவல் வருகிறது. தாவல் முழுவதும் சை 1-லேயே நிற்கிறது, முடிவு நிபந்தனைக்கான பெருக்கியே அந்த 1-ஐத் தாங்கிக்கொள்கிறது. ஈட்டாவின் கடைசிப் புள்ளி எடை காணாமல் போகிறது, மொத்தம் 0.693 மட்டுமே. செலவை வரம்பைப் பொறுத்து மறுபடி வகையிட்டாலும் 0.693-தான். இந்த இரண்டு வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஈட்டாவும் முனைப் பெருக்கியும் எப்படி எடையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது கண்முன்னே தெரியும்.

6. முனைப்புள்ளி எல்லையில் இருந்தால் நில்லுங்கள்

என் நான்கு மாதத்தில் ஒன்றரை மாதம் இந்தப் படியில் போனது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மேலே உள்ள முதல் கணக்கில் தொடக்க மட்டத்தை 0.5 என்று மாற்றுங்கள். இப்போது பெருக்கிகளை இப்படி எடுங்கள்: லாம்டா பூஜ்யம். ஈட்டாவின் எடை முழுவதும் தொடக்கக் கணத்தில், அளவு 1. சை தொடங்கும்போது 1, உடனே பூஜ்யத்துக்கு இறங்கி, கடைசிவரை பூஜ்யம்.

ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சேர்ப்புச் சமன்பாடு பொருந்துகிறது. தொடக்கப் புள்ளி நிலையானது, ஆகவே சையின் தொடக்க மதிப்புக்குத் தடை இல்லை. ஈட்டா எல்லையைத் தொடும் இடத்தில்தான் எடை வைத்திருக்கிறது. தொடக்கக் கணத்துக்குப் பிறகு கணத்தாக்கு நிபந்தனை எங்கும் பூஜ்யம், எப்படி ஊற்றினாலும் பொருந்தும். மூன்று பெருக்கிகளும் சேர்ந்து பூஜ்யமாகவும் இல்லை. அதாவது, வீணாக வாளி வாளியாக ஊற்றும் வழியும் ‘தேவையான நிபந்தனைகளை’ நிறைவேற்றுகிறது. நிபந்தனைகள் பொய்யாகவில்லை, ஆனால் கெட்ட விடைகளில் ஒன்றைக்கூட வடிகட்டவில்லை. பார்க்கப் பூஜ்யமல்லாத பெருக்கிகள் கிடைத்தது போல இருக்கும், உள்ளே ஒன்றும் கிடையாது.

இதற்கு மருந்து, உள்நோக்கு நிபந்தனை. எல்லையில் இருக்கும் முனைப்புள்ளியில் நின்றுகொண்டு, கையில் உள்ள நகர்வுகளில் ஏதாவது ஒன்று வரம்புக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போகுமா என்று பாருங்கள். நம் கணக்கில் இயல்பான நகர்வு வெளியே தள்ளுகிறது, ஆனால் கணத்தாக்கு உள்ளே கொண்டுபோகிறது, அது போதும். (சாதாரணக் கட்டுப்பாட்டை மட்டும் பார்த்து ‘நிபந்தனை பொருந்தவில்லை’ என்று கைவிடுபவர்கள் உண்டு, நானும் ஒருமுறை கைவிட்டேன். கணத்தாக்கின் திசைகளையும் சேர்த்தே பாருங்கள்.) இது பூர்த்தியானால் வலுவான வடிவத்தைக் கோரலாம்: லாம்டா, தொடக்கக் கணத்தை விட்டுவிட்டு எண்ணிய ஈட்டா, அதே போல எண்ணிய சை, மூன்றும் சேர்ந்து பூஜ்யமாகாத பெருக்கிகள் உண்டு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு லாம்டா பூஜ்யம் என்று வைத்துப் பாருங்கள். கணத்தாக்கு நிபந்தனைப்படி சை பூஜ்யத்தைத் தாண்டக்கூடாது. முடிவிலிருந்து பின்னோக்கி வந்தால், சை என்பது இனி வரப்போகும் ஈட்டா எடைகளின் தள்ளுபடி செய்த கூட்டுத்தொகை, ஆகவே அது எதிர்க்குறியாகவும் முடியாது. எனவே சை பூஜ்யம், ஈட்டாவும் பூஜ்யம், வலுவான வடிவத்துக்கு முரண். லாம்டா பூஜ்யமில்லை என்று நான்கே வரிகளில் வந்துவிட்டது. உங்கள் கணக்கிலும் இந்த வாதத்தை எழுதாமல் லாம்டாவை 1 ஆக்கிவிடாதீர்கள், சரிபார்ப்பவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். முடிவுப் புள்ளியும் நிலையானதாக எல்லையில் இருந்தால் அந்தப் பக்கத்துக்கும் இதே வேலையைச் செய்ய வேண்டும், அங்கே நேரம் பின்னோக்கி ஓடுவதாக எண்ணித் திசையைப் பாருங்கள்.

7. கணினிக்குப் போகும்போது

நீட்டிய வடிவத்தைத்தான் கொடுங்கள். பழைய நேரத்திலேயே கட்டம் போட்டுக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விடை வரும், ஆனால் தாவல் இருக்கும் இடத்தில் கட்டுப்பாடு கூரான கம்பம் போல எழும்பும். அது உண்மையான தாவலா என்று தெரிய, கட்டங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். கம்பத்தின் உயரம் இரட்டித்து, அதன் கீழுள்ள பரப்பு மாறாமல் இருந்தால் தாவல். உயரம் அப்படியே நின்றால் சீரான ஊற்று. 5-ஆம் படியின் முதல் கணக்கில் உயரம் 0.5-லேயே நிற்கும், முடிவு மட்டம் சேர்த்த வகையில் கடைசிக் கட்டம் மட்டும் எகிறும்.

மென்பொருள் தரும் பெருக்கிகளை அப்படியே ஈட்டா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நிரல்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் தரும், அது அந்தக் கட்டத்தில் சேர்ந்த எடை. அடர்த்தி வேண்டுமானால் கட்டத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும், கடைசிக் கட்டத்தில் புள்ளி எடை இருந்தால் வகுக்கக்கூடாது. குறி மரபும் நிரலுக்கு நிரல் மாறும். அதனால் உங்கள் கணக்கை ஓட்டும் முன், மட்டக் கணக்கை அதே நிரலில் ஓட்டி மொத்தம் 1.693 வருகிறதா என்று பாருங்கள். −1.693 வந்தால் குறி மரபு வேறு. வெறும் 0.693 வந்தால், முனை வரம்பின் பெருக்கியைக் கூட்டாமல் எங்கேயோ விட்டுவிட்டீர்கள், அல்லது நிரல் அதைத் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது.